இரண்டாவது மதகு வரை

போன செவ்வாய்க்கிழமை காலை. அரியாலையில் வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே போகும் மண் அணையில் நானும் இவரும் நடந்துகொண்டிருந்தோம். எதிரே சைக்கிளில் வந்தவர் எங்களைக் கண்டதும் பிறேக் பிடித்து இறங்கினார். முன்பின் தெரியாத மனிதர். பின் கரியரில் ஒரு சாக்கு மூட்டை. முகத்தில் உண்மையான அனுதாபம்.

"சைக்கிளுக்கு என்ன நடந்தது ஐயா?"

"சைக்கிளுக்கு ஒண்டும் நடக்கேல்லை," என்றார் இவர். "நாங்கள்தான் நடக்கிறம்."

"எங்கை?"

"அந்த மதகு மட்டும் போட்டுத் திரும்பி வருவம்."

"மதகடியிலை என்ன?"

"ஒண்டுமில்லை. சும்மா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஓம், சும்மாதான். மனிதர் சைக்கிளில் ஏறினார். கொஞ்சத் தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்சத் தூரம் போய் இன்னொருமுறை. வீட்டில் ஒருவருக்குப் பிசகினால் மற்றவர் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பிசகினால் யார் பார்ப்பது என்று யோசித்திருப்பார்... பாவம்.

அவரில் பிழையில்லை. நம்முடைய ஊரில் கோயிலுக்கு நடக்கலாம். செத்தவீட்டுக்கு நடக்கலாம். பஸ் வராவிட்டால் பஸ்ஸைத் திட்டிக்கொண்டு நடக்கலாம். போகுமிடம் என்று ஒன்று இல்லாமல் நடக்கிறவருக்கு நாம் இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை. வேகமாகப் போனால் ஏதோ அலுவல், மெதுவாகப் போனால் ஏதோ கஷ்டம். இரண்டுமில்லாமல் ஒரு புருஷனும் பெண்சாதியும் கையை வீசிக்கொண்டு போனால்? சைக்கிளை நிறுத்தி விசாரிக்கத்தானே வேண்டும்?

பத்திரிகையின் இந்த மூலையை வாரந்தோறும் படிக்கிறவர்களில் சிலர், நான் ஏன் இவ்வளவு காலம் எழுதவில்லை என்று கேட்டுக் கடிதம் போட்டிருந்தீர்கள். ஒருவர் நான் எழுத்தை விட்டுவிட்டேன் என்று சந்தோசப்பட்டும் எழுதியிருந்தார். இருவகையினருக்கும் ஒரே பதில்தான். வீட்டில் வருத்தம். இப்போது சொல்லலாம். சொல்லக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது.

மார்கழியில் ஒருநாள் பின்னேரம், கந்தோரால் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்துவிட்டார். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. பெரியாஸ்பத்திரியில் மூன்று கிழமை. பிறகு வீடு.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பார்க்க வந்தவர்கள் அன்பானவர்கள்தான். திராட்சைப்பழத்தோடு வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் திராட்சைப்பழத்தோடு ஒரு கதையும் இருந்தது. எல்லாக் கதையிலும் ஒருவர் சுகமாகி வீட்டுக்கு வருவார். எல்லாக் கதையிலும் அவர் கிணற்றடிக்குப் போவார். அவ்வளவுதான்... அதற்கு மேல் சொல்லாமல் சொண்டைப் பிதுக்குவார்கள். வருத்தக்காரர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கதைகள் கூடக் கூட இவர் கிணற்றடிக்குப் போவதை நிறுத்தினார். பிறகு விறாந்தைக்கு வருவதை நிறுத்தினார். மணிக்கூட்டைக் கழற்றித் தலையணையில் வைத்து, இடது கையைப் பிடித்து நாடியை எண்ணுவார். எண்ணி முடித்ததும் சந்தேகம் வரும். மறுபடியும் எண்ணுவார். நான் கூப்பிட்டால் கையைத் தூக்கி "பொறும்" என்பார் — இடையில் விட்டால் கணக்குத் தவறிவிடுமாம். ஆறு கிழமையில் அந்தப் பெரிய மனிதர் ஒரு கட்டிலளவுக்கு வந்துவிட்டார்.

இவர் நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவர். இந்தக் குடாநாட்டின் தெருக்கள், ஒழுங்கைகள், வாய்க்கால்கள் எல்லாவற்றையும் மை தொட்டுக் கீறியவர். அவற்றில் கால்வாசியில்கூட நடந்தவரில்லை. அதை நான் பகிடியாகச் சொல்வதுண்டு. அந்த நாட்களில் சொல்லவில்லை.

மாசி மாதம் கிளினிக்கில் ஒரு புதிய டொக்டர் இருந்தார். இளம் வயது. இவரைக் கைத்தாங்கலாக நான் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, கடைசியாக எப்போது தனியாக நடந்தவர் என்று கேட்டார். இவர் யோசித்தார். நானும் யோசித்தேன்.

"இனி நடவுங்கோ ஐயா," என்றார் டொக்டர். "நடக்கிறதுக்குப் பயப்பிடாதேயுங்கோ. படுத்திருக்கிறதுக்குப் பயப்பிடுங்கோ."

எவ்வளவு தூரம் என்று இவர் கேட்டார். அடிக் கணக்கிலா, மைல் கணக்கிலா? படம் கீறுகிறவருக்கு அளவு வேண்டும். டொக்டர் ஒரு அளவும் சொல்லவில்லை. கதைத்துக்கொண்டு நடக்க வேண்டும், ஒரு வசனத்தை மூச்சு முட்டாமல் முடிக்க முடிகிற மட்டும் நடக்கலாம், முடியாவிட்டால் நிற்க வேண்டும் — இதுதான் அவர் சொன்ன விதி. நெஞ்சு நொந்தால் உடனே இருந்து, நாக்குக்குக் கீழே ஒரு குளிசை. அதை எப்போதும் கையோடு கொண்டு போக வேண்டும்.

விதி நல்ல விதிதான். ஆனால் கதைப்பது யார்? எங்களுக்குக் கலியாணமாகி இருபத்திநாலு வருசம். சண்டை சச்சரவில்லாத குடும்பம். காரணம் லேசானது, சண்டை பிடிக்கக் கதைக்க வேண்டும் அல்லவா? "தேத்தண்ணி தாரும்." "குடையை எடுத்தாச்சோ?" "கடிதம் வந்ததோ?" இவற்றைவிட நீளமான வசனங்களை இவர் கந்தோரில்தான் வைத்திருந்தார். ஒரே மகன் வெளியூரில் படிக்கப் போன பிறகு அந்தக் குட்டி வசனங்களும் குறைந்துவிட்டன.

முதல் நாள் வாசல் படலை மட்டும் போனோம். கதை ஒன்றும் அகப்படாமல் இவர், "இது படலை," என்றார். வசனம் முடிந்தது. மூச்சு முட்டவில்லை. திரும்பி வந்தோம்.

அடுத்த நாள் ஒழுங்கை முகப்பு. அதற்கடுத்த கிழமை லைற் போஸ்ற். றோட்டில் நடந்தால் நிற்பாட்டி நிற்பாட்டிச் சுகம் விசாரிக்கிறார்கள் — விசாரித்து முடியக் கிணற்றடிக் கதை ஒன்று. ஆகவே ஒழுங்கையால் திரும்பிக் கடற்பக்கம் போனோம். கடைசி வீடுகளைத் தாண்டிக் கொஞ்சம் பனங்கூடல். அதன் முன்னால் றோட்டு முடிகிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. பிறகு அணை. பரவைக்கடல் உப்புத்தண்ணீர் வயலுக்குள் வராமல் கட்டிய மண் அணை. மேலே சைக்கிள் போகுமளவு அகலம். கார் போகாது. வலப்பக்கம் முழங்கால் ஆழக் கடல், கம்பு நட்ட வலைகள், ஒற்றைக்காலில் நிற்கிற நாரைகள். இடப்பக்கம் அறுவடை முடிந்த வயல். தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்கும். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்கு ஆறு இல்லை. மற்ற ஊர்க்காரர் ஆற்றங்கரையில் உலாவுவார்களாம். எங்களுக்கு இது போதும்.

இந்த அணையையும் தான் கீறியிருப்பதாக இவர் சொன்னார். படத்தில் அரை விரல் நீளம்தானாம். நேரில் பார்த்தால் முடிவே தெரியவில்லை.

முதலாவது மதகுக்குப் போய்ச் சேரப் பங்குனி முடிந்துவிட்டது. அங்கேதான் நாகம்மா பழக்கமானாள். அணையின் மறுகோடியில் இருந்து இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டணத்துச் சந்தைக்கு நடக்கிற பெண். நாங்கள் ஒரு அடி வைக்க அவள் ஐந்து அடி வைப்பாள். முதல் நாள் எங்களைத் தாண்டும்போது, ஐயாவுக்கு என்ன என்று கேட்டாள். நெஞ்சு வருத்தம், டொக்டர் நடக்கச் சொன்னவர் என்றேன். "நடக்கிறது மருந்தெண்டால் நான் நூறு வருசம் இருப்பன் ரீச்சர்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். நான் படிப்பிக்கிறவள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதன் பிறகு தினமும் ஒரு சிரிப்பு. நிற்க அவளுக்கு நேரமில்லை.

கதையும் மெல்ல மெல்ல வந்தது. நாரையைப் பற்றி இரண்டு வசனம். கந்தோரில் மைக்கூட்டைக் கவிழ்த்தவரைப் பற்றி ஐந்து வசனம். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கட்டுரைகளில் வருகிற பிழைகளைச் சொல்வேன். ஒருநாள் இவர் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஆனாலும் சிரித்தார்.

சித்திரை விடுமுறை. பாடசாலை இல்லை, அவசரம் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை, இரண்டாவது மதகு மட்டும் போய்ப் பார்ப்போம் என்று இவரே சொன்னார். றோட்டிலிருந்து முக்கால் மைல். அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. நான் உள்ளுக்குள் குதித்தேன். இவருக்குக் காட்டவில்லை.

மதகுக்குப் போய்ச் சேர்ந்தோம். மதகுச் சுவரில் கையூன்றிக் கடலைப் பார்த்தார். நான் நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கடை கடுகளவாகத் தெரிந்தது. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்! அந்த நினைப்பு முடியவில்லை...

"இஞ்சேரும்," என்றார். "நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது."

திரும்பினேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. கை நெஞ்சில் இருந்தது — மார்கழியில் சப்பாத்தோடு குனிந்தபோது இருந்த அதே இடத்தில்.

இருத்தினேன். மதகுச் சுவரில் சாய்த்தேன். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசை டப்பியை அவிழ்த்தெடுத்தேன். பல்லால் திறந்தேன். நாக்குக்குக் கீழே ஒன்று வைத்தேன். காத்திருந்தோம். நோ போகவில்லை.

அணையில் ஒரு சனமில்லை. கத்தினால் நாரைகள்தான் எழும்பும். விட்டுவிட்டு ஓடவா? ஓடிப்போய்த் திரும்பி வரும்போது...? ஏன் இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன்? கட்டிலில் பத்திரமாகப் படுத்திருந்தவரை வா வா என்று இழுத்துக்கொண்டு வந்தவள் யார்? நான்தானே?

அப்போதுதான் மறுகோடியிலிருந்து அந்தக் கூடை வருவதைக் கண்டேன்.

நாகம்மா எங்களைக் கண்ட தூரத்திலேயே விளங்கிக்கொண்டுவிட்டாள். கிட்ட வந்து ஒன்றும் கேட்கவில்லை. கூடையை இறக்கி என் பக்கத்தில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"ஐயாவை அசையாமல் வைச்சிருங்கோ ரீச்சர். நான் காருக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

வெறுங்காலோடு ஓடினாள். அந்த அணையில் அப்படி ஒருவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அவள் திரும்பி வரும்வரை என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். டொக்டர் சொன்ன விதி.

"இஞ்சாருங்கோ, கதையுங்கோ," என்றேன். "ஏதாவது கதையுங்கோ."

இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "பக்கத்துக் கட்டில்காரனைத் தெரியுமோ உமக்கு?" என்றார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் ஒருவர். என்னைவிட இளம் வயது. தோட்டத்துப் புகையிலைக்கு யார் தண்ணீர் இறைக்கிறார்களோ என்பதே அவருடைய கவலை. வாட்டிலேயே அவர்தான் கலகலப்பு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்; சுகமாகி வீட்டுக்குப் போனார் என்று நினைத்திருந்தேன்.

மிச்சத்தை இவர் சொன்னார். ஒரு பின்னேரம் அந்த மனிதர் மிகவும் சந்தோசமாக இருந்தாராம். அடுத்த கிழமை வீட்டுக்கு விடுகிறார்களாம். புகையிலை வெட்டுக்கு எங்கள் இருவரையும் தோட்டத்துக்கு வரச் சொன்னாராம். விடியக் கண் விழித்துப் பார்த்தால் கட்டிலுக்குப் புது விரிப்பு. ஆள் இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு வீட்டார் கொண்டுவந்து வைத்த இரண்டு தோடம்பழங்கள் மட்டும் இருந்தன. துப்புரவு செய்தவர்கள் அவை இவருடையவை என்று நினைத்து இவருடைய அலுமாரியில் வைத்துவிட்டார்கள்.

"எறியவும் மனம் வரேல்லை. தின்னவும் மனம் வரேல்லை. வீட்டை வரேக்கை பைக்குள்ளை போட்டுக்கொண்டு வந்தன். நீர் அதைப் பிழிஞ்சு சாறு கொண்டந்து தந்தனீர்."

எனக்கு நினைவு வந்தது. வீட்டுக்கு வந்த முதல் நாள். சாறு பிழிந்து, வடித்து, பேணியில் கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினார். மூன்று கிழமை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலுப்பு எனக்கு. ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டீர்களா என்று ஏசினேன். நன்றாகவே ஏசினேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றைக்குத் தொடங்கியதுதான் அந்த ஆறு கிழமை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னால் நீரும் பயப்பிடுவீர் எண்டு நினைச்சன்."

இவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வீதியில், வெளிச்சத்தில், ஒரு பெண் தன் புருஷனின் கையைப் பிடிப்பது நம்முடைய ஊரில் வழக்கமில்லை. பார்க்க நாரைகள்தான் இருந்தன.

இவர் கதைத்துக்கொண்டே போனார். அந்த மனிதருக்கு எத்தனை பிள்ளைகள், தோட்டத்தில் எத்தனை கன்று, கிணறு எந்தப் பக்கம்... எல்லாம் சொன்னார். கனநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நீளமான வசனங்கள். ஒன்றுகூட நடுவில் அறவில்லை.

நாகம்மா தனியே வரவில்லை. இரண்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களிடம் ஒரு கதிரை — தேத்தண்ணிக் கடைக் கதிரை. ஹயர் கார் றோட்டு முடிவில் நிற்கிறதாம். கடைக்காரர் எழுந்து நின்று தன் கதிரையைக் கொடுத்துவிட்டாராம்.

இவர் நடந்து வருவதாகச் சொன்னார். அவர்கள் காதில் வாங்கவில்லை. கதிரையில் இருத்தி, ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். அணையில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாகம்மா, எதிரே வருகிற சைக்கிள்களை இறங்கச் சொல்லிக்கொண்டு. நடுவில் இவர், கோயில் திருவிழாவில் எழுந்தருளி வருகிற மாதிரி, யாரையும் பார்க்காமல். பின்னால் நான், இறால் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஏன் தூக்கினேன்? தெரியாது. அவள் என்னை நம்பி வைத்துவிட்டுப் போன பொருள் என்று மட்டும் தெரிந்தது.

முதலாவது மதகைத் தாண்டும்போது அது நடந்தது. இவர் அடிவயிற்றிலிருந்து ஒரு ஏவறை விட்டார். சின்ன ஏவறை இல்லை. வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

முன்னால் தூக்கியவர் திரும்பாமலே, "ஐயாவுக்கு லேசாயிட்டுது போலை," என்றார்.

லேசாகியிருந்தது. நோ பாதி போய்விட்டதாக இவர் மெல்லிய குரலில் சொன்னார். நான் நம்பவில்லை. நம்ப ஆசைதான். ஆசையாக இருந்ததாலேயே நம்பவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விட்டோம். பாதி வழியில்தான் பார்த்தேன், இறால் கூடை என் மடியில் இருந்தது.

அந்த இளம் டொக்டர்தான் அன்றைக்கும் கடமையில். நெஞ்சில் வயர்களைப் பூட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். மார்கழியில் எடுத்த நீளக் கடதாசியைப் பக்கத்தில் விரித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் நேர்த்தி வைக்காத தெய்வமில்லை. மத்தியானம் இன்னொருமுறை எடுத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"புதிசாய் ஒண்டுமில்லை," என்றார். "நெஞ்சிலை ஒண்டுமில்லை. காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

இவர் முகட்டைப் பார்த்தார்.

"ஐயா?"

"கூழ்."

"என்ன கூழ்?"

"ஒடியற்கூழ்."

நான் எழும்பி நின்றேன். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அயல்வீட்டார் அனுப்பிய கூழ். நண்டு, இறால், புளி, உறைப்பு, உப்பு — இவருக்கு விலக்கிய அத்தனையும் ஒரே பானையில். மிச்சத்தை மூடி வைத்திருந்தேன். விடிய நான் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து...

எவ்வளவு என்று டொக்டர் கேட்டார். இரண்டு பேணி என்றார் இவர். பிறகு, சபைக்குப் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று என்று திருத்தினார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்த வீட்டுக் கூழ் என்று விசாரித்தார். அது வைத்தியத்துக்காகக் கேட்ட கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் ஏசவா? அழவா? வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் வந்தது. மார்கழியிலிருந்து நான் அழவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று வையுங்கள். அன்றைக்கு அந்த வாங்குப் பலகையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சேர்த்து அழுதேன். நேர்ஸ் ஓடி வந்து, அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். "ஒண்டுமில்லை, கூழ்," என்றார் டொக்டர்.

போகும்போது டொக்டர் ஒன்று சொன்னார். இனியும் நெஞ்சு நொந்தால், இதே மாதிரி இருந்து, குளிசை வைத்து, உடனே வர வேண்டும். "வாய்வோ மாரடைப்போ எண்டு தீர்மானிக்கிறது என்ரை வேலை. உங்கடை வேலையில்லை." இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களும் அதை மனதில் வையுங்கள். ஏவறை வந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாள் காலை நான் அடுப்படியில் நிற்கிறேன். இவர் சப்பாத்துப் போட்டுப் படலையடியில் நிற்கிறார்.

சோளகக் காற்று வீசுகிறது என்றேன். கட்டுரைக் கொப்பிகள் திருத்தக் கிடக்கின்றன என்றேன். பாடசாலை விடுமுறை என்பது இவருக்குத் தெரியாதா?

"நீர் பயப்பிடுறீர்," என்றார்.

"ஓம்," என்றேன். "பயப்பிடுறன்."

வேடிக்கைதான். தனக்கு எது வருமென்று இவர் மாதக்கணக்காகப் பயந்தாரோ அது அன்றைக்கு மதகடியில் வந்தது — வந்து கூழாகப் போய்விட்டது. இவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. அது எங்கே போயிற்று? என்னிடம்தான் வந்து ஏறியிருந்தது. மார்கழியிலிருந்து நான் தைரியசாலி வேஷம் போட்டிருந்தேன். அன்றைக்குக் கழற்றிவிட்டேன்.

பயப்படாதே என்று இவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பயம் போகாது என்பது இவருக்குத் தெரியும். "லைற் போஸ்ற் மட்டும் வாரும்," என்றார். "அதிலை நிண்டு யோசிப்பம்."

லைற் போஸ்ற்றில் நின்று யோசித்தோம். பிறகு தேத்தண்ணிக் கடை மட்டும் என்றார். கடைக்காரர் அதே கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பப் போனார். வேண்டாம் வேண்டாம் என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

முதலாவது மதகடியில் நாகம்மா வந்தாள். அன்றைக்கே கார்க்காரர் மூலம் கூடையை அனுப்பியிருந்தேன். சந்தை நேரம் தப்பிவிட்டது, எல்லாவற்றையும் உப்புப் போட்டுக் காயவிட்டாளாம். அதைப் பற்றி நான் தொடங்கியதும், உந்தக் கதையை விடச் சொன்னாள். டொக்டர் என்ன சொன்னவர் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். சொன்னேன். மூன்று பேணி என்றதும் கூடையை இறக்கி வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் நின்று சிரித்தாள். அணையில் குந்தியிருந்து சிரித்தாள். நண்டுக் கூழ் குடித்தால் படுத்து எழும்ப வேண்டும் என்று இவருக்குப் புத்தி சொன்னாள். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

வைகாசியில் இவர் கந்தோருக்குத் திரும்பினார். சண்டிலிப்பாய்க்கு ஒருநாள் போய்வந்தோம். அந்தத் தோட்டக்காரரின் மனைவி எங்களை முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார். அவர் கடைசிப் பின்னேரம் எவ்வளவு சந்தோசமாக இருந்தார் என்பதை இவர் ஒன்றும் விடாமல் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கேட்டுவிட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இவர் இன்னொருமுறை சொன்னார்.

நேற்று முன்தினம் மறுபடியும் கிளினிக். முதலில் கிழமைக்கொரு முறை வரச் சொன்ன டொக்டர். பிறகு மாதத்துக்கொரு முறை. இந்தத் தரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், நாடியைப் பார்த்தார், மருந்துத் துண்டை மடித்து நீட்டினார். இனி ஆறு மாதத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்றார்.

'இந்தப் பக்கம் வராதே' என்று சொன்ன ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்!